கூரை ஒட்டுகிறவர் ஒட்டிய படகு

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் பக்கம். மாட்டுக்குப் புல் அறுக்க நீர்த்தேக்கத்தின் அக்கரைக்குப் போய்வரச் சின்ன அலுமினியப் படகு ஒன்று வைத்திருக்கிறோம். அதன் அடித்தகடு பாறையில் உரசிக் கிழிந்ததும், கூப்பிடாமலே வந்து நின்றார் என் மனைவியின் அண்ணன். அவருக்குத் தெரியாத வேலை கிடையாது. உருப்படியாக முடித்த வேலையும் கிடையாது.

"லயத்து வீட்டுக் கூரையெல்லாம் நான்தான ஒட்டுறேன். இதெல்லாம் ஒரு வேலையா மச்சான்?" என்றார்.

கூரைக்கு மேல்பக்கம் ஒட்டுவதுபோலவே, படகுக்கும் உள்பக்கம் தாரைப் பூசித் தகரத் துண்டை அமுக்கி வைத்தார். கூரைக்குத் தண்ணீர் மேலிருந்து வரும், படகுக்குக் கீழிருந்து தள்ளும் என்பது அந்த மேதைக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும்தான்.

நானும் மனைவியும் புல்லுக்கட்டுகளோடு திரும்பும்போது, நடுத்தண்ணீரில் ஒட்டு பிய்ந்து எழும்பியது. இருவருக்கும் நீச்சல் தெரியாது. அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை உருவி ஓட்டையில் திணித்து, அதன்மேல் ஏறி நின்றாள். "எங்க அண்ணன திட்டுறத கரையில வச்சிக்கங்க, இப்ப துடுப்பப் போடுங்க!"

ஒருவழியாகக் கரை சேர்ந்ததும், அங்கே நின்ற அண்ணன் சொன்னார்: "ஒட்டுல குத்தமில்ல மச்சான். புல்லு பாரம் கூடிப்போச்சு."

தாரைச் சுரண்டிவிட்டு, வெளிப்பக்கம் அலுமினியத் தகடு வைத்து நானே ரிவெட் அடித்தேன். இப்போதெல்லாம் படகைக் கல்மேல் தூக்கிவைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டாவிட்டால்தான் இறக்குகிறேன்.

அவர் இன்னும் யோசனை சொல்ல வருகிறார். "மொதல்ல நீங்க ஏறி ஒரு சுத்து போயிட்டு வாங்க மச்சான்" என்பேன். உடனே அவருக்கு எங்கேயாவது ஒரு கூரை ஒழுகத் தொடங்கிவிடும்.