ஆறாத நாற்காலி

இது கட்டுக்கதை என்று உதட்டைச் சுழிப்பவர்கள், ஒரு நடை நூலகம் வரை போய், ஜன்னலோரக் கணினியின் நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

அங்கே கணினி அறையைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் 'ரப்பர் அக்கா' என்பார்கள். ஒருவர் எழுந்ததும் பொத்தானைத் தட்டுவாள். கணினி அணைந்து எழும்போது, அவர் திறந்தது, தேடியது, சேமித்தது எல்லாம் அழிந்து, முதன்முதலில் படம்பிடித்தது போல் அப்படியே நகல் எடுத்துவைத்த அசல் நிலைக்குத் திரும்பியிருக்கும். "ம், உட்காருங்க" என்று அவள் சொல்லும்வரை அடுத்தவர் நிற்க வேண்டும். அவள் வீட்டு அடுப்படியில் நேற்றைய பால் சட்டி ஊறிக்கொண்டிருக்கும், அது வேறு விஷயம்.

வம்பு தொடங்கியது ஒரு மழை மதியத்தில். ஜன்னலோரக் கணினியை அழித்துவிட்டு நிமிர்ந்தாள். வலப்பக்கம் இருந்த மவுஸ் இடப்பக்கம் கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. எடுத்து வைத்துவிட்டு மறுபடி அழித்தாள். மறுபடி இடப்பக்கம். நாற்காலியும் ஒரு சாண் தாழ்ந்திருந்தது. உட்காரும் இடம்... சூடாக.

மறுநாள் ஒரு கல்லூரிப் பெண், "சீட்ல யாரோ இருக்காங்க!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். நூலகர் வந்துவிட்டார்.

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா, இந்த ரூமைப் பூட்டிடுவேன். நீங்களும் வீட்டுக்குக் கிளம்பலாம்."

"நான் ஏன் சார் கிளம்பணும்? கிளம்ப வேண்டியது அது."

அந்த அறையை விட்டால் அவளுக்கு வேறு ராஜ்ஜியம் ஏது?

எல்லோரும் போனதும் கதவைச் சாத்தினாள். அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். பொத்தானைத் தட்டினாள்.

திரை கறுத்தது.

கிர்ர்ர்... நாற்காலி தானாக இறங்கியது.

மடிமேல் ஒரு ஆள் கனம். இடது கைமேல் இன்னொரு கை. வியர்வையோடு...

காதோரம் மூச்சு. ஹ்ஹ்... ஹ்ஹ்...

"எந்திரிக்க மாட்டேன்," என்றாள் பல்லைக் கடித்து. "நீ எந்திரி!"

திரை வெளுத்தது.

கனம் இல்லை.

அடுத்த நாள் வந்த கணினி மெக்கானிக் முழுதும் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, இதோட அசல் நிலையை எடுத்தது உனக்கு முன்னாடி இங்க இருந்தவர். இடக்கைக்காரர். எடுத்து முடியறதுக்குள்ள இதே சீட்ல போய்ட்டாரு. நெஞ்சுவலி."

ஆக, துரத்துவதாக நினைத்து அவள் தட்டிய ஒவ்வொரு தட்டும் அந்த மனிதரை அதே நாற்காலிக்கு இழுத்து வந்திருக்கிறது.

வேறொருத்தியாக இருந்தால் வேலையே வேண்டாமென்று ஓடியிருப்பாள். இவள் நாற்காலியை உயர்த்தினாள். மவுஸை வலப்பக்கம் வைத்தாள். ஜம்மென்று உட்கார்ந்தாள்.

"அந்தப் பழைய அசலைத் தூக்கிப் போடுங்கண்ணே. நான் உட்கார்ந்திருக்கும்போதே புதுசா எடுங்க."

"வேண்டாம்மா..."

"எடுங்கன்னா எடுங்க!"

அதன்பிறகு மவுஸ் நகரவில்லை. புகாரும் இல்லை. அந்தக் கணினியை அழிக்கும்போதெல்லாம் அவள் சிலையாக நிற்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் ஒருநாள் விடுப்பில் இருந்தாள். மத்தியானம் எதிர்வீட்டு அண்ணியிடம் மாடிவீட்டுக்காரியின் புதுச் சோபாவைப் பற்றி அளந்துகொண்டிருந்தவள், பாதிப் பேச்சில் நின்றாள். கண் திறந்தபடி. வலது கை மட்டும் காற்றில் எதையோ பிடித்து நகர்த்தியது...

பிறகு விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள் அண்ணி.

"எனக்கென்ன?"

சாயங்காலம், அவளுக்குப் பதிலாக நூலகத்தில் இருந்த பெண் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"லீவுன்னீங்களே அக்கா! மத்தியானம் மெஷினை அழிச்சிட்டு நிமிர்றேன், ஜன்னலோரமா உட்கார்ந்திருக்கீங்க. கூப்பிடக் கூப்பிடத் திரும்பவே இல்ல..."

ரப்பர் அக்கா அசரவில்லை.

"ஏன் திரும்பணும்? அது என் சீட்டு."