அக்கா இட்ட மதிப்பெண்

ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கும் அவள், மின்னணுக் கருவிகளைக் கையாளும் திறனைத் தானே மதிப்பிடும் படிவத்தில் வரிக்கு வரி சுழியம் இட்டிருந்தாள். கூட்டுத்தொகை பத்துக்குக் குறைந்தால், அவள் தவமாய்க் கேட்டுவந்த காது கேளாதோர் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போக இயலாது.

பக்கத்திலிருந்த தோழி எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! காது கேக்காத உங்க அக்காவுக்காகத் தினமும் பாட வீடியோவுக்கெல்லாம் பேசறதைக் கீழ எழுத்தாப் போட்டுத் தர்றியே, அது என்னவாம்?"

"அது போன்லதானேடி செய்றேன்? கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்ல."

"படிவத்துல கம்ப்யூட்டர்னா போட்டிருக்கு? கண்ணைத் தொறந்து படி!"

படித்தாள். எங்கும் அப்படி இல்லை. மற்ற வரிகளைத் திருத்தியதில் ஏழு சேர்ந்தது. 'காது கேளாதவருக்கும் விளங்கும்படி காணொளி அமைப்பேன்' என்ற வரியில் மட்டும் பேனா தயங்கியது. ஐந்துக்கு எத்தனை? அக்காவுக்கே செய்தி அனுப்பிக் கேட்டாள். பதில் உடனே வந்தது.

"நாலு. படிச்சு முடிக்கறதுக்குள்ள எழுத்து ஓடிடுது. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன், மனசு வரல."

சிரிப்பும் நாணமும் ஒருசேர வர, நான்கு என்று எழுதினாள். பதினொன்று ஆயிற்று. படிவத்தைக் கொடுத்த கையோடு, நேற்றைய பாடத்தைத் திறந்து எழுத்துகளின் ஓட்டத்தை மெதுவாக்கத் தொடங்கினாள்.