ஈயம் முடிகிற இடம்

பத்மாக்கா காலமாகிவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை தாபோடியிலிருந்து அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னார். சொற்கள் புரிந்தன, செய்தி புரிய நேரமாயிற்று.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது, தாபோடிக்குப் பக்கத்து மராத்தி ஊரான போசரியில் வண்டிகளுக்கு வயரிங் செய்து தரும் சிறிய தொழிற்சாலையில். தொண்ணூறுகளின் கடைசியில் நான் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தபோது, கோவையிலிருந்து வந்த பத்மாக்கா இணைப்புப் பிரிவின் பொறுப்பாளர். அப்போது எல்லா இணைப்பும் ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங்தான். அவர் வைக்கும் ஈயம் வயரின் இழைகளுக்குள் தண்ணீர்போல இறங்கும். மராத்திப் பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

பிறகு கிரிம்பிங் கருவி வந்தது. வயரின் முனையில் சிறு பித்தளைக் குழலை மாட்டி ஒரே அழுத்தில் நெரித்துவிடும். சூடும் வேண்டாம், ஈயமும் வேண்டாம்.

"இதென்ன அம்மிணி, கொடியில துணிக்குக் கிளிப்பு போட்டாப்புல!" என்று சிரித்தார் அக்கா.

பேருந்துகளுக்கான பெரிய ஆர்டரில், நெரித்த இணைப்புகளின் மேலும் ஒரு சொட்டு ஈயம் வைத்தார். கூடுதல் பலம் என்று நம்பினார். பார்த்த நானும் அப்படியே நம்பி முத்திரை குத்தினேன்.

சில மாதங்களில் வயர்கள் அறுந்து திரும்பின. எல்லாமே ஒரே இடத்தில், இழைகளுக்குள் ஏறிய ஈயம் முடிகிற இடத்தில். ஈயம் ஏறிய பகுதி கம்பிபோல விறைத்துவிட்டது. வண்டியின் அதிர்வு முழுவதையும் அந்த விளிம்பே வாங்கியிருக்கிறது.

அறிக்கை எழுத வேண்டியவள் நான். "வயர் கொடுத்தவன் தப்பு என்று எழுதிவிடு" என்றார் மேலாளர் இந்தியில். எழுதவும் தொடங்கினேன்.

பத்மாக்கா அறுந்த முனையை விளக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"வயரு நல்ல வயரு. ஈயம் வெச்சது நானு. எம் பேரைப் போட்டு எழுது அம்மிணி."

"வேலை போயிரும்க்கா."

"போனாப் போகுது. ஆளுங்கள ஏத்திட்டுப் போற வண்டில லைட்டு அணைஞ்சா, அப்ப ஆரு பேரைப் போடுவே?"

உண்மையை எழுதினேன்; முத்திரை குத்தியவள் என்று என் பெயரையும் சேர்த்தேன். ஆர்டர் கைநழுவாமல் எங்களிடமே தங்கியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருடைய பொறுப்பாளர் பதவி போயிற்று.

மறுநாள் தாம் மேற்பார்த்த பெண்களின் வரிசையில் கடைசி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஒரு வயரை நெரித்து, பலம்கொண்ட மட்டும் இழுத்தார். பிடி விடவில்லை. இன்னொரு முறை இழுத்தார்.

"அட! பாரு அம்மிணி, எம்புட்டு நல்லா இருக்குது!"

அத்தனை ஆண்டுக் கைத்திறனைச் சில நாள் முன்புதான் பிழை என்று எழுதச் சொன்னவர், குழந்தைபோல மகிழ்ந்து கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று பிரமித்துப் பார்த்துவிட்டு என் வேலைக்குத் திரும்பிவிட்டேன். இன்று சொல்கிறேன்: வணங்குகிறேன் அக்கா, போய் வாருங்கள்.