சித்தப்பாவின் காரும் மங்கல் விளக்கும்

எங்கள் சித்தப்பாவிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட்டு, மடக்குக் கூரை. எப்போதோ சீமையிலிருந்து வந்து, ஒரு எஸ்டேட்காரருக்குச் சலித்துப்போய் இவர் கைக்கு வந்தது. சங்கரன்கோவில் வட்டாரத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்தக் கார்தான். மடக்கிய கூரையின் மேல் மாப்பிள்ளையை உட்காரவைத்து, சித்தப்பா மாடு நடக்கிற வேகத்தில் ஓட்டுவார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் மாப்பிள்ளையைவிட அவர் முகத்தில்தான் களை அதிகம்.

காரின் ஹெட்லைட் எரிவது பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்வலத்தில் இருபுறமும் ட்யூப்லைட் சுமந்து ஆட்கள் வரும்போது காருக்கு எதற்கு விளக்கு? போதாததற்கு, அலங்கார சீரியல் பல்புகளையும் சித்தப்பா ஹெட்லைட்டுக்குப் போகும் அதே ஒல்லி ஒயரில் முறுக்கிவிடுவார்.

கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பொழுது சாயத் திரும்பியவர், பாலத்துச் சுவரில் காரை இடித்துவிட்டார். நெற்றியில் தையல். "லைட்டு காலை வாரிட்டு" என்றார். அப்பா கோபக்காரர். விளக்கைச் சரிசெய்யாமல் காரைத் தொடக்கூடாது என்று தம்பியிடம் கத்தினார். சித்தப்பாவுக்கு அந்தக் காரை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

எலக்ட்ரீஷியன் வந்து பிரித்துப் பார்த்தபோது ஒயர் கருகிக் கிடந்தது. "பாதிக் கரண்டை இந்த ஒயரே குடிச்சிருது அண்ணாச்சி. பல்புக்கு என்ன மிச்சம்?" என்றவர், தடித்த ஒயர் இழுத்து, ரிலே மாட்டி, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தார்.

இருட்டத் தொடங்கியதும், அப்பாவும் எலக்ட்ரீஷியனும் பக்கத்தில் நிற்க, வீட்டு முன்னால் நின்ற காரில் சித்தப்பா ஏறி விளக்கைப் போட்டார். தெருக்கோடி வரை பட்டப்பகலாகிவிட்டது. நான் கைதட்டினேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் குனிந்து பார்த்தார்.

"மங்கலாத்தாம்வே இருக்கு. இன்னும் தடிச்ச ஒயரு போடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பளிச்சுன்னு இருக்கே சித்தப்பா. அந்தா, புல்லுக்கட்டோட சைக்கிள்ல ஒருத்தர் வாராரு, பாருங்க" என்றேன்.

"எங்கனட்டி?"

கையை நீட்டிக் காட்டினேன். சைக்கிள்காரர் மணியடித்து எங்களைத் தாண்டிப் போகும்வரை சித்தப்பா தேடிக்கொண்டிருந்தார்.

அப்பா கத்துவார் என்று பயந்தேன். அவரோ குனிந்து, காரின் சாவியை மெதுவாக உருவி மடியில் செருகிக்கொண்டார். "நாளைக்கு வேற ஒயரு போட்டிருதேன் அண்ணாச்சி" என்றார் எலக்ட்ரீஷியன், சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் அவர் வரவில்லை. அந்த மாதமே காரை விற்றுவிட்டார்கள். சொன்ன வேலையை அந்த ஆள் ஒழுங்காகச் செய்திருந்தால் கார் போயிருக்காது என்று எனக்கு ஆத்திரம். தெருவில் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அதற்குப் பிறகு, பொழுது சாய்ந்து எங்கே கிளம்பினாலும் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். வீட்டில் வேறு யாரையும் அவர் அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை. சித்தப்பாவுக்கு என்மேல்தான் உசிர் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.