ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள்

என் அக்கா புருஷன் சூசைமுத்து தன் வாழ்நாளில் வாங்கிய பெரிய பொருள் ஒன்றே ஒன்றுதான். ஒரு புதுக் கார். அதை வாங்கிய நாளிலிருந்து அந்த மனுஷன் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்று நான் பார்க்கவில்லை.

நான் பிலோமின்ராஜ். லாரி ஓட்டிக் காலம் தள்ளியவன். வண்டி என்றால் எனக்குக் கோபமும் வரும், பாசமும் வரும். இந்தக் கார்மேல் பாசம் வந்ததே கிடையாது. 

மச்சான் காரைக்கால் மேரியில் குமாஸ்தா. மேரி என்றால் நகராட்சி ஆபீஸ். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ வருஷமாகியும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் அது மேரிதான். பிறப்பு இறப்புப் பதிகிற மேஜை அவருடையது. அதிர்ந்து பேசமாட்டார். சந்தையில் யாராவது இவர் காலை மிதித்தால் இவர்தான் “மன்னிச்சுக்குங்க” என்பார். போக வர ஒரு சைக்கிள். அதிலேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்றிருந்தவரைக் கார் வாங்க வைத்தது என் அக்காவின் இடுப்பு.

அக்கா சகாயம்மாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, கடைசியில் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிற அளவுக்குத் தேறினாள். பஸ்ஸில் உட்கார முடியாது. நாகூர் போவதற்குள் வலியில் முகம் வெளுத்துவிடும். அவர்களுக்கு ஒரே மகள், அற்புதம். அவள் கன்னியாஸ்திரியாகி, திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு மடத்தில் இருந்தாள். நோயாளிகளைப் பார்க்கிற வேலை. அக்கா இனி மகளைப் பார்ப்பதென்றால், பின் சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு போகிற மாதிரி ஒரு கார் வேண்டும். அதற்காகத்தான் மச்சான் பதிவு செய்தார். அந்தக் காலத்தில் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக் கிடக்க வேண்டும்.

எண்பத்திரண்டில் கார் வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அற்புதத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன சேதி வந்தது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கார் வந்து சேர்ந்தபோது அதற்கு மிஞ்சியிருந்தது ஒரே வேலை. அந்தப் பிள்ளை கண்ணை மூடுவதற்குள் அம்மாவைக் கொண்டுபோய் அவள் கட்டிலோரம் நிறுத்த வேண்டும்.

பாண்டிச்சேரியிலிருந்து நான்தான் ஓட்டி வந்தேன். சிதம்பரம் வருவதற்குள் பின் கதவுக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. சீர்காழியில் ஹாரன் செத்தது. பொறையாரில் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. வீட்டு வாசலில் மச்சான் மாலையோடு நிற்கிறார், பங்குச்சாமியார் தீர்த்தச் செம்போடு நிற்கிறார். நான் கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். சிரித்த தெருக்காரர்களை மச்சான் கண்டுகொள்ளவில்லை. அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து பின் சீட்டில் உட்காரவைத்து, “கால நீட்டு, கால நீட்டு” என்றார். அக்கா நீட்டினாள். இரண்டு பேர் முகத்தையும் அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

வண்டி விற்றவனிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவன் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

“புது வண்டின்னா அப்படித்தான் சார். ஓட ஓடச் சரியாயிடும்.”

ஓட ஓடவாம்! ஓடினால்தானே?

திருச்சிக்கு முதல் தடவை கிளம்பினோம். நாகூர் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்து முன்பக்கமெல்லாம் புகை. திரும்பி வந்தோம். எங்கள் ஊர் மெக்கானிக் நூகு ஒழுகலை அடைத்துக் கொடுத்தான். கைராசிக்காரன். ரேடியேட்டர் அதற்கப்புறம் ஒழுகவில்லை. சரி, பீடை ஒழிந்தது என்று இரண்டாம் தடவை கிளம்பினோம். இப்போது வேறு வியாதி. கீழவாஞ்சூர் செக்போஸ்ட் வரைக்கும் பட்டுப்போல வந்த வண்டி, அங்கே இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றது. காரைக்காலிலிருந்து வெளியே போகிற வண்டியில் சாராயப் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே போலீசுக்குத் தொழில். டிக்கியைத் திற, சீட்டைத் தூக்கு என்று குடைந்து பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் ஓரமாகத் தள்ளிப் போகச் சொன்னார்கள்.

“தள்றதுக்கு ஆள் வேணுமேங்க” என்றார் மச்சான்.

“புது வண்டியா இது?” என்றான் ஒரு போலீஸ்காரன். அவனே இரக்கப்பட்டுத் தள்ளிவிட்டான்.

நூகு வந்து கார்பரேட்டரைக் கழற்றிப் பார்த்தான். பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினான். அடியில் தண்ணீர் தனியாக நின்றது.

“பெட்ரோல்ல தண்ணி இருக்குண்ணே. பங்க்ல ஏமாத்திட்டானுவ” என்றான்.

மச்சானுக்கும் எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் அக்காவிடம் இதையெல்லாம் சொல்வதில்லை. வலியோடு கிடப்பவளுக்கு எதற்கு? “வண்டி நின்னுபோச்சு, சரி பண்றோம்” என்பதோடு சரி. பெட்ரோல் போட்ட பங்க்கில் போய் நான் கத்திவிட்டு வந்தேன். அடுத்த தடவை வேறு பங்க். அதிலும் தண்ணீர்! கீழ்வேளூர்ப் பக்கம் நின்றது. அதற்கடுத்த தடவை, மழையில் மூடி வழியாக இறங்குகிறதோ என்று டாங்க் மூடியின் மேலேயே பிளாஸ்டிக் சுற்றிக் கட்டினான் நூகு. அதற்கும் மசியவில்லை. திருவாரூரைத் தொடாமல் திரும்பினோம்.

இதில் ஒரு கொடுமை கேளுங்கள். ஊருக்குள் அந்தக் கார் ஒழுங்காக ஓடும். கடைத்தெருவுக்குப் போகும், கோயிலுக்குப் போகும், ஒருநாள் விழிதியூர் போய் நெல் மூட்டைகூட ஏற்றி வந்தது. திருச்சி என்று கிளம்பினால்தான் அதற்குக் கேடு. “இதுக்குள்ள பேய் பூந்திருக்கு” என்று நூகுவே சொல்லிவிட்டான்.

“வாடகைக் கார் ஒண்ணு பேசுவோம் மச்சான்” என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

“வாசல்ல சொந்தக் கார் நிக்கிது. அதுல ஏறி வர்றேன்னு அற்புதத்துக்குச் சொல்லியாச்சு மாப்ள. இந்தத் தடவ சரியாயிடும்” என்பார். சாதுவுக்குள்ளும் ஒரு முரட்டுப் பிடிவாதம் இருக்கும் பாருங்கள், அது இவரிடம் இந்தக் கார் விஷயத்தில் மட்டும் இருந்தது.

அவர் மட்டும் பஸ் ஏறிப் போய் மகளைப் பார்த்து வருவார். வந்ததும் அக்கா கேட்பாள். “என்ன கேட்டா?”

“அம்மா எப்ப வரும்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வண்டி சரியாயிட்டுன்னு சொன்னேன்.”

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஐப்பசி மழையில் தந்தி வந்தது. நிலைமை மோசம், உடனே வரவும். மச்சான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றார். இப்போதாவது வாடகைக் கார் பேசலாம் என்றால், மழையில் எந்த வண்டியும் அகப்படவில்லை. நான் புதுப் பெட்ரோலை என் கண்ணெதிரே துணியில் வடிகட்டி ஊற்றினேன். டாங்கை அதற்கு முந்தின நாள்தான் நூகு கழற்றிக் கழுவியிருந்தான். இனி நின்றால் நான் லாரிக்காரனே இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அக்கா எங்களுக்கு முன்னாலேயே கிளம்பி, மழையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு காரின் பின்பக்கம் கோலை ஊன்றி நின்றிருந்தாள். வாய் செபம் முணுமுணுத்தது. ஏற்றிவிட்டோம். விடியக் கிளம்பினோம்.

நாகப்பட்டினம் தாண்டி நின்றது. கார்பரேட்டரைத் துடைத்து ஊதிக் கிளப்பினேன். திருவாரூரில் நின்றது. அதையும் கிளப்பினேன். நீடாமங்கலத்துக்கு இந்தப் பக்கம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருவதற்குள் உச்சிப்பொழுது. அவன் டாங்கைக் கழற்றி வரப்பில் கவிழ்த்தான். பெட்ரோலுக்கு முன்னால் தண்ணீர்தான் வந்தது. நான் வடிகட்டி ஊற்றிய பெட்ரோல்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதிர்ந்து பேசாத மச்சான் சேற்றில் நின்றுகொண்டு அந்தக் காரை எட்டி உதைத்தார். செருப்பு தெறித்து வாய்க்காலில் விழுந்தது. உள்ளே அக்கா செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

வேறு பெட்ரோல் வாங்கி ஊற்றிக்கொண்டு கிளம்பி, மடத்தின் வாசலில் கார் நுழைந்தபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. மடத்துத் தலைவி மதர் வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

“மூணு மணிக்குப் போயிட்டாங்க” என்றார். “காலையில சாமியார் வந்து கடைசி எண்ணெய், அவஸ்தை பூசினப்ப நல்லா நினைவு இருந்துச்சு. அம்மா கார்ல வர்றாங்கன்னு சொன்னதிலேருந்து ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் கண்ணத் தொறந்தாங்க. ஜன்னலச் சாத்த விடல.”

அக்கா அழவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு போய், கட்டிலோரம் நின்று, மகளின் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். “சின்னப் புள்ளைல இருந்த மாதிரியே இருக்கு” என்று என்னிடம் சொன்னாள். மறுநாள் மடத்துக் கல்லறையில் அடக்கம். மச்சான் ஊரிலுள்ள அத்தனை பேர் சாவையும் பதிந்த மனுஷன். குழியில் மண் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. நான்தான் தூக்கிவிட்டேன்.

அடக்கம் முடிந்து திரும்பினோம். வெயில் அடித்தது. அந்தச் சனியன் பிடித்த கார் எப்படி ஓடியது என்கிறீர்கள்! தஞ்சாவூர் தாண்டியது. நீடாமங்கலம் தாண்டியது. ஒரு இருமல் கிடையாது, ஒரு குலுக்கல் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போகிற வண்டி மாதிரி போயிற்று. இறங்கிக் கல்லால் அடிக்கலாமா என்றிருந்தது எனக்கு.  திருவாரூரும் போய்விட்டது. கீழ்வேளூர் வரும்போது பின் சீட்டிலிருந்து அக்கா சொன்னாள்.

“இன்னிக்கு எப்படிப் போவுது பாரு தம்பி. மாதா தீர்த்தத்த ஒவ்வொரு தடவையும் ஊத்துனேனே, அப்பல்லாம் போவல. இன்னிக்கு ஊத்தல, போவுது.”

“எங்கக்கா ஊத்துன?” என்றேன் நான்.

“பெட்ரோல் ஊத்துற வாயிலதான். முதத் தடவ நின்னுச்சுல்ல, அதுலேருந்து. வேளாங்கண்ணி தீர்த்தம். கெளம்பறதுக்கு முன்னால நீங்க உள்ள இருக்கறப்ப பிளாஸ்டிக் கட்டியிருந்தா அதையும் அவுத்து, மூடியத் தொறந்து ஊத்திட்டு, திரும்பக் கட்டிட்டு செபம் சொல்லுவேன். தந்தி வந்துச்சேன்னு நேத்து பாட்டிலோட கவுத்தேன்.”

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சலா, வாயில் ஒரு சொட்டுத் தீர்த்தம். மாடு கறக்கவில்லையா, தவிட்டில் ஒரு சொட்டு. கிணறு உப்புக் கரிக்கிறதா, அதிலும்தான். நோயாளி வாயில் விடுகிற மாதிரி இவள் கார் வாயிலும் விட்டிருக்கிறாள். கார் நிற்க நிற்க இன்னும் கூட ஊற்றியிருக்கிறாள். இத்தனை மாதமாக நாங்கள் பங்க் பங்க்காகச் சண்டை போட்டுத் தேடிய தண்ணீர் இதுதான்.  மச்சானைப் பார்த்தேன். அவர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா விடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தவள், குரல் தாழ்ந்து, “ஏங்க” என்றாள். “ஊத்துனப்பல்லாம் நின்னுது. ஊத்தாதப்ப போவுது. ஏங்க… அது ஏன் அப்படி?”

மச்சான் சட்டென்று என் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

“பிலோமின்! வண்டி அடைக்குது பாரு! இழுக்கல பாரு!”

வண்டி அம்புபோலப் போய்க்கொண்டிருந்தது. “எங்க மச்சான் அடைக்…” என்று ஆரம்பித்தவன் அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் கண் சாவியைக் காட்டியது. எனக்குப் புரிந்தது. கியரில் இருக்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்தேன். வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி, ஒருக்களித்து ஓரமாய் நின்றது.

இறங்கினோம். மச்சான் பானட்டைத் தூக்கி நிறுத்தினார். ஒரு கோளாறும் இல்லாத என்ஜினுக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றோம். அவர் அதற்குள் தலையை விட்டுக் குனிந்தார். சூடான என்ஜின் மேல் அவர் கண்ணீர் சொட்டிச் சொட்டி ஆவியானது. தோள் குலுங்கியது. சத்தம் வரக்கூடாதே என்று முழங்கையைக் கடித்துக்கொண்டார். நான் சும்மா ஒரு ஸ்பேனரை எடுத்து எங்கேயோ தட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் தட்டினேனோ தெரியாது.

“ஏங்க, என்னாச்சு?” என்று அக்கா உள்ளிருந்து கேட்டாள்.

மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரலைச் செருமிச் சரிசெய்தார்.

“நின்னுபோச்சு சகாயம். நீ ஊத்துனாலும் நிக்கும், ஊத்தாட்டியும் நிக்கும். இது ஓடாத வண்டி.”

 அக்கா உடைந்து அழ ஆரம்பித்தாள். மகள் செத்து முதல் தடவையாக அழுதாள்.

“நாசமாப் போற வண்டி” என்றாள். “எம் புள்ளையப் பாக்க விடாமப் பண்ணிடுச்சே, நாசமாப் போற வண்டி!”

“ஆமா சகாயம்” என்றார் மச்சான். “வண்டிதான்.”