போன் வாப்பாவின் கிரீன் கார்டு

காப்பெல் பள்ளிவாசல் இமாம் ஷம்சுதீன் ஹஜ்ரத் ஒருமுறை தொண்டையைக் கனைத்தால், பக்கத்து டாலஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த ஜம்போ ஜெட் பயந்துபோய் மறுபடி மேலே ஏறிவிடும். மைக் இல்லாமல் அவர் பாங்கு சொன்னால் ஃபிரிஸ்கோவில் மேய்கிற மாடுகள் வரிசை கட்டி நிற்கும். ஓக்லஹோமா எல்லைவரை கேட்டதாகச் சாட்சி சொல்லவும் ஆள் உண்டு. அந்த ஆள் நான்தான்.

அப்பேர்ப்பட்ட குரல், எதிரே ஒரு வெள்ளைக்காரர் வந்து "ஹவ் ஆர் யூ" என்றால் கொசுக்குரலாகிவிடும். "எஸ் சார், தேங்க் யூ சார்." அவ்வளவுதான். டோனட் கடை அம்மாவுக்கும் சார்தான். அந்த அம்மா "உங்க காரைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா?" என்று கேட்டதற்கும் எஸ் சொன்னார். ஹஜ்ரத்திடம் காரே கிடையாது.

பள்ளிவாசல் என்றதும் மினாரா எல்லாம் தேடாதீர்கள். லாண்டரிக்கும் டோனட் கடைக்கும் நடுவே வாடகைக்கு எடுத்த ஒரு கடை. முன்பக்கம் தொழுகை, பின்பக்க அறையில் ஹஜ்ரத்தும் ஒரு ரைஸ் குக்கரும். எங்கள் குடும்பத்தைப் போலவே அவரும் மேலப்பாளையத்துக்காரர். மனைவி அமீருன்னிசாவையும், தவழ்ந்துகொண்டிருந்த மகள் ரிதாவையும் ஊரில் விட்டுவிட்டு வந்தவர். ரிதா இப்போது ஒன்றாம் வகுப்பு. அவளைப் பொறுத்தவரை வாப்பா என்பது ஒரு குரல். அதனால் "போன் வாப்பா" என்றுதான் கூப்பிடுவாள். ஹஜ்ரத் அதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் எழுந்துபோய் ரைஸ் குக்கரைத் துடைப்பார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கும்.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒரு கிரீன் கார்டு வரிசை இருக்கிறதல்லவா, அதுபோல இமாம், குருக்கள், பாதிரியார் மாதிரி ஆட்களுக்கு அமெரிக்கா தனி வரிசை வைத்திருக்கிறது. மார்க்க வேலையை மட்டும்தான் செய்திருக்க வேண்டும், வேறு வேலை கூடாது. ஹஜ்ரத் இதில் ரொம்பக் கறார். எங்கள் வாப்பா கேஸ் ஸ்டேஷன், அதாவது பெட்ரோல் பங்க், நடத்துகிறார். ஒருநாள், "ரெண்டு நிமிஷம் கவுண்டர்ல நில்லுங்க ஹஜ்ரத், பாத்ரூம் போயிட்டு ஓடி வந்துருதேன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"நிக்க முடியாது பாய். வேணும்னா ஒங்களுக்காக துஆ செய்யுதேன்" என்றார் ஹஜ்ரத்.

தொண்ணூற்றொன்பதில் அவருக்கு இன்டர்வியூ தேதி வந்தது. பாஸானால் ரிதாவும் அவள் அம்மாவும் இங்கே வரலாம். ஃபெயிலானால், ஐந்து வருட விசாவும் முடிகிற நேரம், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

நான் ஒன்பதாம் வகுப்பை இரண்டாம் முறையாக ருசித்துக்கொண்டிருந்த வருஷம் அது. பாடம்தான் ஏறவில்லை. டெக்சாஸ் இங்கிலீஷ் நன்றாக ஏறியிருந்தது, டிரக் டிரைவர்கள் தயவு. அந்த டிரைவர் குரலை எடுத்துக்கொண்டு, விளையாட்டுக்கு, கேஸ் ஸ்டேஷன் வாசல் பே போனிலிருந்து பள்ளிவாசலுக்கு ஒரு போன் போட்டேன்.

"மிஸ்டர் ஷம்சுதீன்? இமிக்ரேஷன் ஆபீஸ்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். எழுந்து நின்றிருக்கிறார்.

"எஸ் சார்."

நீங்கள் பேங்க் கொள்ளையடித்ததுண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"எஸ் சார், தேங்க் யூ சார்."

குதிரை திருடியதுண்டா?

"எஸ் சார். வெரி குட் சார்."

சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். சாப்பிடும்போது வாப்பாவிடம் சும்மா கேட்டுவைத்தேன்.

"கிரீன் கார்டு இன்டர்வியூல என்ன வாப்பா கேப்பாங்க?"

"ஜெயிலுக்குப் போனியா, பொய் சொல்லி விசா வாங்கினியா, இதானல கேப்பான். எல்லாத்துக்கும் நோ சொல்லணும். ஒரு எஸ் போதும், பிளேன் ஏத்திருவான்."

அதற்கப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம் கழித்து ஆபீசர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை கண்டிப்பான ஆபீசர். புரியாத கேள்விக்கு எஸ் சொன்னால் அதட்டினார். புரியவில்லை என்றால் "ப்ளீஸ் ரிப்பீட்" என்று கேள், தப்பில்லை என்று விளக்கினார். கேள்வியும் கேட்டு பதிலும் சொல்லித் தருகிற ஆபீசரை எந்த நாடும் பார்த்திருக்காது. கோடை போய் குளிர் எட்டிப் பார்க்கும்வரை இது நடந்தது.

"ஹேவ் யூ எவர் பீன் அரெஸ்டட்?"

"எஸ்... நோ... ப்ளீஸ் ரிப்பீட் சார்!"

முதன்முதலாக அந்த ‘ப்ளீஸ் ரிப்பீட்’ வந்தபோது, கொசுக்குரலுக்குள்ளிருந்து பாங்கு சொல்கிற குரல் லேசாக எட்டிப் பார்த்தது. போனை வைத்துவிட்டு ஒரு குதி குதித்தேன். பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

இன்டர்வியூ நாளன்று கேஸ் ஸ்டேஷன் கடையில் நான்தான் காபி கொடுத்தேன். காபி கேட்டவர்களுக்கு டீயும் கேட்காதவர்களுக்குக் காபியும் போனது. சாயங்காலம் வெள்ளை ஜுப்பாவோடு ஹஜ்ரத் உள்ளே வந்து, பாஸ்போர்ட்டைத் திறந்து வாப்பா முன் வைத்தார். ஈரம் காயாத மாதிரி ஒரு கிரீன் கார்டு முத்திரை.

"ஆபீசர் ஒரு பொம்பள ஆளு பாய். ஜெயிலுக்குப் போனியான்னு கேட்டாவ. வாய்க்குள்ள எஸ்ஸு வந்துட்டு. முழுங்கிட்டு, ப்ளீஸ் ரிப்பீட் சார்னேன். சிரிச்சிட்டு, மெதுவா கேட்டாவ. நோ சார்னு சொல்லிட்டேன்."

வாப்பா அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு, கொண்டாட கோக் எடுக்க உள்ளே ஓடினார். ஹஜ்ரத் கவுண்டர் பக்கம் குனிந்தார்.

"ஏலே அல்தாப்பு, அந்தப் போன் ஆபீசருக்கு என் சலாத்தச் சொல்லிரு."

"எந்த ஆபீசரு ஹஜ்ரத்?"

"தொழுகை நேரத்துல ஒருநாள்கூட கூப்பிடாத ஆபீசரு. சூரியன் மறையிறதப் பாத்து மஃரிபு தொழுகை தெனமும் நகருது. ஆபீசரும் கூடவே நகந்து வாராரு. தொழுது முடிச்சு நான் பாயைச் சுருட்டுனா போன் அடிக்கி. எந்த வெள்ளக்காரனுக்குலே இந்தக் கணக்கு தெரியும்?"

துணியை எடுத்துக் கவுண்டரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அப்பவே சொல்லிருக்கலாம்லா?" என்றேன்.

"சொன்னா நீ நிறுத்திருவ. பெறவு எனக்கு யாரு இங்கிலீஷு சொல்லித் தருவா?"

ஜுப்பா பையிலிருந்து, ஊருக்குப் போன் பேச வாங்குகிற காலிங் கார்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அமீருன்னிசாவ விசாவுக்கு மெட்ராஸுக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேப்பாவளாம். அவளும் எல்லாத்துக்கும் எஸ்ஸுதான். ஊருக்கு ஒரு போன் போடும் ஆபீசரே. அங்க மஃரிபு வேற நேரம், பாத்துக்கிடும்."