மலைப்பாதையில் கிடைத்த பதில்

அம்மா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து என் வீட்டில் நான்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருச்சியிலிருக்கும் அக்கா ஒருநாள் வீடியோ காலில், "அம்மா ஏன் இம்புட்டு மெலிஞ்சு போச்சு? நீ ஒழுங்காப் பாக்குறியா?" என்று கேட்டுவிட்டாள். சட்டென்று போனை வைத்துவிட்டேன். ஆனால் அடுத்த மூன்று நாளும் மனசுக்குள் அவளோடு சண்டைதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கணவரிடம் விட்டுவிட்டு, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் தனியாகப் பஸ் ஏறி அழகர்கோவிலில் இறங்கினேன். மலைக்குப் போகிற வண்டியில் ஏறாமல் நடந்தேன். முதல் வளைவு வரைக்கும் அக்காவைக் கேட்பதற்கு ஆயிரம் கேள்வி இருந்தது. ஏற்றம் கூடக்கூட மூச்சு வாங்கியது, திட்டுவதற்குத் தெம்பில்லை. கெண்டைக்கால் வலிக்க ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். கோபம் போன இடத்தில் அசதிதான் இருந்தது, மாசக்கணக்கான அசதி.

அங்கிருந்தே அக்காவைக் கூப்பிட்டேன். "என்னால ஒத்தையில முடியலக்கா. கொஞ்ச நாள் வந்து இரேன்."



"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லடி," என்றாள். "நாளைக்கு வாரேன்."

மீதி மலையையும் ஏறிவிட்டுத்தான் இறங்கினேன்.